தங்கச்சியின் கண்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே, நாங்கள் இருவரும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஓவியம் வரைந்துகொண்டிருந்தோம். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டிக்கு வந்து சித்திர ஆசிரியையானவள். அவள் மடவளையில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட இளையவள். வரையும்போது அவளுக்கு ரேடியோ பாட வேண்டும், எனக்கு அது ஆகாது. அதைத் தவிர எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

கடுகண்ணாவைப் பக்கம் கலியாணம் முடித்துப் போயிருந்த அவளுடைய தங்கச்சி, பெருமழை நாளொன்றில் மண்சரிவில் வீட்டோடு போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவள் மறுபடி அறைக்கு வந்தாள். ரேடியோவைத் தொடவில்லை. புதுக் கன்வஸ் ஒன்றை எடுத்துத் தங்கச்சியின் முகத்தை வரையத் தொடங்கினாள். தங்கச்சிக்குப் போட்டோ எடுப்பது பிடிக்காது. இருந்த கலியாணப் படங்களும் அந்த வீட்டோடு போயிருந்தன. நினைவிலிருந்துதான் வரைந்தாள். நெற்றி வந்தது, முக்காட்டின் மடிப்பு வந்தது. கண் வரவில்லை. மாலையானால் துணியால் முகத்தைத் துடைத்துவிடுவாள். மறுநாள் மறுபடி தொடங்குவாள்.

துடைத்த அந்த முகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார எனக்குப் பயமாக இருந்தது. கன்வஸுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். எதிரே அவள் முகம் தெரிந்ததால் அவளையே வரைந்தேன். பிரஷை உயர்த்திப் பிடித்தபடி, இன்னும் கன்வஸில் வைக்காமல் நிற்கிறாள். அதுதான் படம்.

முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அக்கா, எங்கட தங்கச்சிய நீங்க எங்க கண்ட?”

“நான் பார்த்ததே இல்லையேம்மா. இது நீதான்.”

“நானில்ல. இது அவட கண். அவள் இப்பிடித்தான் பாக்கிற.”

எதிரே தெரிந்ததைத்தான் வரைந்தேன். ஆனால் அவள் சொன்ன பிறகு, அத்தனை நாளும் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

தன் உம்மாவிடம் அதைக் காட்ட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். உருவப்படத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுபோகலாமா என்று நான் தயங்கினேன்.

“உம்மா ஒருக்கா பாத்தாப் போதும். சுவத்துல மாட்டச் சொல்ல மாட்டேன்.”

வர்ணம் காய்ந்ததும் துணியில் சுற்றி, மடவளை பஸ்ஸில் ஏறினோம். நெரிசலில் யாரோ இடித்தபோது படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டு முன்னறையில் ஒரு கதிரையில் படத்தைச் சாய்த்து வைத்துத் துணியை எடுத்தாள். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

“மூத்தவள் ஏன் இப்பிடி மெலிஞ்சு போய் ஈக்கிறா?” என்று என்னிடம் கேட்டார். பிறகு மகளிடம், “பகலைக்கு ஒண்டும் திங்கிறல்லயா நீ?”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். செய்தி வந்த நாளில்கூட அவள் அழவில்லை என்று உம்மா பிறகு சொன்னார். அன்று எங்கள் இருவருக்கும் சோறு போட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது அவள் ஜன்னலில் தெரியும் மகாவலி ஆற்றை வரைகிறாள். படம் என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டார்கள். படத்தில் இருப்பது யார் என்று எழுதித் தரச் சொன்னார்கள். படத்தை நான் கொடுக்கவில்லை.