வயல் காய்வதற்குள் ஒரு சர்வர்

எங்கள் ஊர் தானியக் கூட்டுறவில் ஒரே சர்வருக்குள் எட்டுக் கணினிகள் ஓடுகின்றன. எட்டும் மென்பொருளால் ஆனவை, கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றைக் கவனிப்பவர் ஜோலீன் ட்வெய்ட். காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வருவார்.

அவற்றைத் தாங்கும் மென்பொருளின் உரிமம் இந்த ஆண்டோடு முடிகிறது. எட்டையும் வேறொரு மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். ஃபார்கோ நகரில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்றது நிர்வாகக் குழு. லாரிகளின் எடையைப் பதியும் எடைமேடைக் கணினியை மட்டும் முதலில் தானே மாற்றிக் காட்டுவதாக ஜோலீன் வாய்ப்புக் கேட்டார்.

அறுவடை நேரத்தில் எடைமேடை நின்றால் கோதுமை லாரிகள் அடுத்த ஊருக்குப் போய்விடும். வயல் நனைந்தால் அறுவடை நிற்கும் என்பதால் மழைக்குக் காத்திருந்தார். சனிக்கிழமை நல்ல மழை. ஞாயிறு காலை எல்லோரும் சர்ச்சில் இருந்தபோது தொடங்கினார்.

புதிய மென்பொருளில் கணினி எழவில்லை, பிழை காட்டும் நீலத் திரைதான் வந்தது. அங்கிருந்த வட்டு வகை விண்டோஸுக்குப் பழக்கமில்லை. வட்டைப் பழைய முறையிலேயே மாட்டி, புதிய வகையில் ஒரு காலி வட்டையும் சேர்த்துத் தொடக்கினார். விண்டோஸ் அதைப் பழகிக்கொண்டதும், உண்மையான வட்டையும் புதிய வகைக்கு மாற்றினார். கணினி எழுந்தது.

ஆனால் எடை வரவில்லை. எடைமேடைக்குக் கணினியின் பழைய நெட்வொர்க் முகவரி மட்டும்தான் தெரியும். அதைக் கொடுத்தால், ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்றது விண்டோஸ்.

சர்ச் முடிந்து மேலாளர் டுவேன் எலுமிச்சைக் கேக்குடன் வந்தார்.

"என்ன ஜோலீன், இன்னும் தூங்குதா?"

"எந்திரிச்சிடுச்சு. பேசத்தான் மாட்டேங்குது."

"என் பையனும் அப்படித்தான். இங்க பாரு, காத்து அடிச்சு வயல் காய்ஞ்சிடுச்சு. ஆர்டன் கோதுமைய லாரில ஏத்திட்டான். பழசையே ஓட விடு. நாளைக்கு ஃபார்கோவுக்குப் பேசுறேன்."

"அவன் வர்ற வரைக்கும் டைம் குடு."

"அவன் வயல் பத்து மைல்தான்மா!"

ஜோலீன் பழைய கணினி நிறுத்தப்பட்டிருப்பதை மறுபடி பார்த்தார். அலுவலகத்தில் இருந்த பிரிண்டர்கள் எல்லாவற்றையும் அணைத்தார். அப்போதும் அதே பதில். வெளியே யாரிடமும் இல்லையென்றால் முகவரி உள்ளேதான் இருக்க வேண்டும். மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டும்படி விண்டோஸிடம் சொன்னார். அங்கே இருந்தது பழைய மென்பொருள் தந்திருந்த நெட்வொர்க் கார்டு, மங்கலாக. கார்டு போன பிறகும் முகவரியை அது விடவில்லை.

"அட, உன்னைக் கழட்டாமலே கூட்டிட்டு வந்துட்டேனா!"

அதை நீக்கி, முகவரியைப் புதிய கார்டுக்குக் கொடுத்தார். ஆர்டனின் லாரி மேடையேறியது. திரையில் எண் ஓடி நின்றது.

"ஏன் எல்லாரும் என் லாரியவே முறைக்கிறீங்க?" என்றார் ஆர்டன். "ஓவர்லோடா?"

"போய்க் கொட்டுடா," என்றார் டுவேன். பிறகு திரும்பினார். "மிச்சம் ஏழையும் நீயே மாத்திடு. குழுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"மாத்துறேன். இனிமே முதல்ல கார்டைக் கழட்டிடுவேன்," என்ற ஜோலீன் அடுத்த லாரிக்காகத் திரையைப் பார்த்தார்.