திதியன்று வேகவைத்த குட்டிக் கோசு

நான் புருசனைப் பட்டினி போடுகிறவள் என்று மானாம்பதியில் பேச்சாகக் கிடக்கிறது. பேச்சைக் கிளப்பியவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா, எனக்குப் பெரிய நாத்தனார். அவரைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. உத்திரமேரூரில் என் அடுப்பில் என்ன வேகிறது என்று அங்கே இருக்கிற பெண்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் என் பிழை எதுவும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் ஒரு கொப்புளம் வந்து ஆறாமல் கிடந்தபோது, மாத்திரை போதாது என்று ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். "ஊசி போட்டா அரைமணிக்குள்ள சாப்பாடு உள்ள போயிடணும். இல்லன்னா சர்க்கரை சர்ருன்னு இறங்கிடும். ஆளையே கொண்டு போயிடும்மா" என்று டாக்டர் அவரிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றையிலிருந்து அவர் உயிர் என் அடுப்படியில் இருக்கிறது என்றுதான் எனக்கு நினைப்பு.

அதே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்கிற பெண் ஒருத்தி, சோற்றைக் குறைத்துத் தட்டில் பாதிக்குக் காய் வையுங்கள் என்றாள். "ஸ்ப்ரவுட்ஸ் ஸ்டீம் பண்ணிக் குடுங்கம்மா, ரொம்ப நல்லது" என்றும் சொன்னாள். அந்தப் பேரை வாயில் உருட்டிக்கொண்டே வந்து, சென்னையில் வேலை பார்க்கும் என் மகனிடம் போனில் ஒப்பித்தேன். அவன் அடுத்த முறை வரும்போது ஒரு பை கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் உள்ளே எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக முட்டைக்கோஸ்! ஒவ்வொன்றிலும் இலை மேல் இலை, பெரிய கோசுக்கு இருக்கிற அத்தனையும் அதற்கும் இருந்தது. பேரே பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸாம்.

அந்தப் பெண் சொன்னது முளைகட்டிய பச்சைப்பயறை. அது எங்களுக்கு மறுமாதம் போனபோதுதான் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "பரவால்லம்மா, இதுவும் காய்தான், தாராளமா குடுங்க" என்றாள். அதற்குள் என் வீட்டுக்காரர் அந்தக் குட்டிக் கோசுக்குப் பழகியிருந்தார்.

சும்மா பழகவில்லை. முதல் நாள் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக உட்காரவைத்து, இட்லிக்கு விடுகிற நேரம் விட்டு, மூடியைத் திறந்தேன். வீடு முழுக்க நாற்றம். கழனியிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா இது, எங்கியாவது எலி செத்துக் கீதா?"

"உங்க காயிதான் வேவுது."

"இதயா நான் துன்னணும்? நம்ம மாட்டுக்கு வையி, அதுவே மூஞ்சத் திருப்பிக்கும்."

அப்புறம் நானே செய்து செய்து பிடித்துக்கொண்டேன். அடிக்காம்பைச் சீவி, பழுத்த மேல் இலையை உரித்துவிட்டு, இரண்டாக நறுக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். பச்சை நிறம் பளிச்சென்று ஏறி, காம்பில் கத்திமுனை இறங்கினால் அந்த நிமிசமே இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் நிறம் மங்கி நாற்றம் கிளம்பிவிடும். இறக்கியதும் உப்பு, இடித்த மிளகு, அரைமூடி எலுமிச்சை, ஒரு சொட்டு நல்லெண்ணெய். அவ்வளவுதான். பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு துளசி இலையோடு காட்டிவிட்டுத் தட்டில் வைப்பேன். என் வீட்டில் அவருக்குக் காட்டாமல் எதுவும் யார் வாய்க்கும் போனது கிடையாது. காலில் புண் ஆறியது. நான் பெருமாளுக்கும் நன்றி சொன்னேன், அந்தக் கோசுக்கும் சொன்னேன்.

இப்படி இருக்கும்போது மாமனாருடைய திதி வந்தது.

திதிக்கு எங்களில் இங்கிலீஷ் காய் சேர்ப்பதில்லை. கோஸ், கேரட், பீன்ஸ் எதுவும் கூடாது. வாழைக்காய், அவரை, பூசணி, சேப்பங்கிழங்கு என்று நாட்டுக் காய்தான். அது எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து நான்தானே சமைக்கிறேன்! ஆனால் சேப்பங்கிழங்கும் பாயசமும் சர்க்கரைக்காரருக்கு ஆகுமா? அதனால் உள்ளே படையல் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் பின்பக்கத் தோட்டத்தில் தனி ஸ்டவ், தனிப் பாத்திரம் வைத்துக் குட்டிக் கோசை ஏற்றினேன். இதைவிட ஒருத்தி எப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வாள்?

அன்றைக்குக் காலையில் அவருக்கு விரதம், ஊசியும் இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் போதும் என்று டாக்டரிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தேன். நாத்தனாரும் காலையிலேயே மானாம்பதியிலிருந்து வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஏரிக்கரையில் ஐயரை வைத்துத் திதி கொடுத்துவிட்டு வந்தார். இலை போட்டாயிற்று, கற்பூரம்தான் பாக்கி. ஊசி போட்டுக்கொண்டார்.

"அண்ணி, ஊசி போட்டாச்சு. சட்டுனு படைச்சி, காக்காக்கு வச்சிட்டு அவர ஒக்கார வச்சிடலாம்" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். நாத்தனார் தலையையும் ஆட்டினார்.

ஆட்டிவிட்டு என்னைக் குத்துவிளக்கைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். திரி சரியில்லை என்றார், மாற்றினேன். பூ வாடினாப்போல இருக்கிறது என்றார். அதற்குள் தோட்டத்தில் கோசு வெந்து, குழைந்து, நாற்றம் கிளம்பிவிட்டது.

நாத்தனார் மூக்கைத் தூக்கினார். விறுவிறுவென்று பின்பக்கம் போனார். மூடியைத் திறந்தார்.

"அடிப்பாவி! எங்க நைனா திதில இங்கிலீஷ் காய வேக வச்சிக்கினு கீறியா நீ?"

"படையலுக்கு இல்லண்ணி. தனி அடுப்பு, தனிப் பாத்திரம். உங்க தம்பிக்கு."

"நாத்தம் தனியாவா போவுது? படையல் மேலதான போவுது! நைனா எப்பிடி எறங்குவாரு இந்த வூட்ல?"

பாத்திரத்தோடு தூக்கிக் குப்பைமேட்டில் கொட்டினார். நான் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டுமாம், சோற்றையாவது புதிதாக வடிக்க வேண்டுமாம். அதுவரை கற்பூரம் ஏற்றக்கூடாதாம். இத்தனை ஆசாரம் பேசினவர் காலையில் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து டீயில் பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்டார். இங்கிலீஷ் காய்தான் ஆகாது, இங்கிலீஷ் பிஸ்கட் ஆகும் போலிருக்கிறது!

"அண்ணி, ஊசி போட்டிருக்காரு" என்று மறுபடியும் சொன்னேன்.

"பெத்தவனுக்காக ஒரு நாள் பசி பொறுக்க மாட்டானா? நீ தெனமும் போடுற பட்டினியவே பொறுத்துக்கினு கீறான்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். நீங்களாவது சொல்லுங்களேன் என்று பார்த்தேன். அவர் அக்காவுக்கு எதிரில் வாய் திறக்க மாட்டார். "விடு, சீக்கிரம் வடி" என்றார். ஈரத் தலையோடு உலையை வைத்தேன். அரிசி வேகும் நேரம் முழுக்கப் பெருமாளே, பெருமாளே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோறு வெந்தது, படைத்தோம். மதில்மேல் காக்காய்க்கு இலை வைத்தார் நாத்தனார். காக்காய் வரவில்லை. மற்ற நாளில் வடாம் காயப்போட்டால் விரட்டி மாளாது. அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

"கா கா கா... நைனா, வாங்க நைனா! அவ பண்ணத மனசுல வெச்சிக்காதீங்க நைனா!" என்று அவர் கூப்பிட்டது தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "கோசு வேக வச்சாளாம், அதான் வரல" என்று அவர்களிடம் விளக்கம் வேறு.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் போனார். கை சொம்புக்குப் போகாமல் வேறு பக்கம் போயிற்று. சட்டை போடாத முதுகெல்லாம் வேர்வை. "என்னாங்க" என்றேன். ஏதோ சொன்னார், நாக்கு குழறியது.

எனக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. ஓடிப்போய்ப் படையல் இலையில் இருந்த பாயசக் கிண்ணத்தை எடுத்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்தார்.

"காக்கா எடுக்காம அதத் தொடாத! குடும்பத்துக்கே ஆவாது!"

"அவரே போயிட்டா எனக்கு ஏது அண்ணி குடும்பம்? உடுங்க கைய!"

நாத்தனாரைத் தள்ளினேன். ஆமாம், தள்ளினேன். வயதில் பெரியவர், திதி நாள், படையலுக்கு முன்னால், எல்லாம் தெரிந்துதான் தள்ளினேன். என் மாமனார் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வரதராஜப் பெருமாள் கோயில் தேர் காட்டினவர் என்று நாத்தனாரே கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனுசன் மேலே இருந்துகொண்டு, எனக்கு முதலில் சோறு வை, என் மகன் விழுந்தால் விழட்டும் என்றா சொல்வார்? தெய்வமும் சொல்லாது, பித்ருவும் சொல்ல மாட்டார்கள். மனுசர்கள்தான் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாயசத்தை ஊட்டினேன். கால்மணி நேரம் அவர் தலை என் தோளில் கிடந்தது. பிறகு கண் தெளிந்தது. "இன்னா, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நாத்தனாரும் அழுதார், அதை மறைக்க மாட்டேன். தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் மனம் இளகி, சரி, இதோடு போகட்டும் என்று இலையை எடுக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து மதில்மேல் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து வடையைக் கொத்தியது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தியாடி! நைனா உன்ன மன்னிச்சிட்டாரு!"

மன்னித்துவிட்டாராம்! நான் என்ன செய்தேன் மன்னிப்பதற்கு? அவருடைய மகனுக்குக் காய் வேகவைத்ததற்கா, உயிரைப் பிடித்து நிறுத்தினதற்கா? சாயங்காலம் பஸ் ஏறும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த மன்னிப்பையே சொன்னார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், "உடு, அவ பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான்" என்றார்.

விட்டிருப்பேன். அடுத்த வாரம் சந்தையில் மானாம்பதிக்காரம்மா ஒருத்தி, "நீங்கதானா அது? வூட்டுக்காரருக்குச் சோறே போடறதில்லியாமே? செத்தவரே மனசு வச்சி மன்னிச்சாராமே?" என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து போனை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன். "பேசுங்க. இல்லன்னா இன்னிக்கு நெசமாவே பட்டினிதான்" என்றேன்.

அவர் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா... நைனா மன்னிச்சாருன்னு சொல்லிக்கினு கீறியே, அத வாபஸ் வாங்கிக்கோ."

"இன்னாடா இது! நைனா குடுத்தத நான் எப்பிடிடா வாபஸ் வாங்கறது? நான் இன்னா கவர்மென்ட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தை அசைக்கவில்லை.

"அப்போ ஒண்ணு கேட்டுக்கோ. அடுத்த திதிக்கு ஊசி போட்டதும் எனக்குச் சாப்பாடு. காக்கா வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இவ சொல்றதுதான் நேரம். இவ வேக வைக்கறதுதான் காயி. நீ அடுப்பாண்ட போவக்கூடாது."

"பொண்டாட்டி எழுதிக் குடுத்தாளா?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் போனை வைத்துவிட்டார்.

எனக்காக அவர் தன் அக்காவிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மன்னிப்பை மட்டும் நாத்தனார் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.