அன்று அவன் தமிழில் சொன்னது

ஃபுட்பால் என்றால் ஊரில் எல்லோரும் காலால் உதைக்கிற பந்தைத்தான் நினைப்பார்கள். என் அம்மாவுக்கு இன்றுவரை அப்படித்தான். "பந்து விளையாடற பசங்களப் பாத்து மார்க் போடறா" என்று கோவையில் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். மார்க் போடுவது உண்மைதான். ஆனால் அது தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதுகிற வட அமெரிக்க ஃபுட்பால். கனடாவின் மேற்கே புல்வெளி மாகாணம் ஒன்றிலிருக்கும் தொழில்முறை அணிக்காக, கியூபெக் பல்கலைக்கழகங்களில் ஆடும் பையன்களில் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று சொல்வது என் வேலை.

மாண்ட்ரியலுக்கு நான் வந்தது புள்ளியியல் படிக்க. பகுதிநேர வேலை தேடியபோது கிடைத்தது, பல்கலைக்கழக அணியின் பயிற்சியை உயரமான சாரத்தின் மேல் நின்று படம்பிடிக்கும் வேலை. மற்றவர்கள் குளிருக்குப் பயந்து விட்டுப்போன வேலை அது. கல்லூரியில் கபடி ஆடியவள் என்பதால் மேலிருந்து பார்க்கப் பார்க்க ஆட்டம் பிடிபட்டது. குறிப்பாக லைன்பேக்கர். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவன் அவன். பந்து கிளம்பியதும் எதிரணி ஓடப்போகிறதா, எறியப்போகிறதா என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஓடினால் முன்னே பாய்ந்து ஆளை வீழ்த்த வேண்டும், எறிந்தால் பின்னே ஓடி மறிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. பாடி வருகிறவளின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று எங்கள் கபடி கோச் சொல்வார். லைன்பேக்கருக்கும் அதே பாடம்தான். பயிற்சியாளர்களோடு பேசிப் பேசி, படிப்பு முடிவதற்குள் மேற்கு அணியின் தேர்வுத் தலைவருக்கு என் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தப் பையனை முதலில் பார்த்தது ஒரு மழைநாள் ஆட்டத்தில். எதிரணி இடப்பக்கம் ஓடுவதுபோல் கிளம்பியது. பக்கத்தில் நின்ற தற்காப்பாளர்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இவன் மட்டும் அரை அடி நகர்ந்து நின்றான். பந்து வலப்பக்கம் வந்தபோது அங்கே தயாராக இருந்தான். ஆளை வீழ்த்திவிட்டு எழுந்து திரும்பியபோது முதுகிலிருந்த பெயரைப் படித்தேன். தமிழ்ப் பெயர். சேறு அப்பியிருந்ததால் சரியாகத்தான் படித்தோமா என்று பைனாகுலரை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து பேசப் போனபோது "போன்ஜூர் மதாம்" என்றான். நான் தமிழில் பேசியதும் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் பதில் சொன்னான். தமிழ் விளங்கும், பேசத்தான் கூச்சம் என்றான். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான். நான் தமிழும் ஆங்கிலமுமாகக் கேட்பேன், அவன் பிரெஞ்சும் ஆங்கிலமுமாகச் சொல்வான். 'அக்கா' என்ற ஒரு சொல்தான் அவன் வாயிலிருந்து வரும் தமிழ்.

இரண்டு வருடங்கள் அவனைப் பின்தொடர்ந்தேன். எங்கள் வேலையில் வேகத்தை அளப்பது சுலபம். ஆளை அளப்பதுதான் கஷ்டம். உடைமாற்றும் அறையைச் சுத்தம் செய்பவரிடம் கேட்போம், பேராசிரியரிடம் கேட்போம், வீட்டுக்கும் போவோம். அவன் வீடு மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில், டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடைக்கு மேல் மாடியில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தகப்பன் இல்லை. தாய் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைப்பவர். மூத்த மகன் மேற்கே அல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டவன்.

முதல் தடவை போனபோதே தாய் என்னைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் விட்டார்.

"பிள்ளை, இந்த விளையாட்டில என்ர மகன் கெட்டிக்காரனோ?"

"ரொம்ப கெட்டிக்காரன்மா. இந்த மாகாணத்துலயே இவன மாதிரி நாலு பேர் கூடத் தேறாது."

"எனக்கு ஒண்டும் விளங்காது. விழுந்தால் எழும்புறானோ எண்டு மட்டும்தான் பாப்பன்."

அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். வேலைக்குத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். குளிர்காலத்தில் ஊர் ஞாபகம் வராமல் உட்கார எனக்கு இருந்த ஒரே வீடும் அதுதான். புட்டும் மீன்குழம்பும் டப்பாவில் போட்டுத் தருவார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதில் வேறு ஏதாவது நிரப்பித் தருவார்.

டிராஃப்ட் என்கிற வருடாந்தர ஆள்தேர்வில் அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும். எந்த அணி எடுக்கிறதோ அந்த ஊருக்குப் போக வேண்டும். பையனுக்கு அதில் சொல் கிடையாது. கடைசி வருடக் குளிர்காலத்தில் எங்கள் தேர்வுத் தலைவரிடம், இரண்டாம் சுற்றில் இவனை விட்டால் கைவிட்டுப் போய்விடுவான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் அனுப்பிய ஆட்டக் காட்சிகளைப் பார்த்துவிட்டு அவரும் ஒத்துக்கொண்டார். எங்களுக்கு அவன்மேல் கண் இருப்பது பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

டிராஃப்டுக்குச் சில வாரங்களுக்கு முன், பார்க்கவேண்டும் என்று செய்தி அனுப்பினான். கோட்-டெ-நெய்ஜில் மெட்ரோவை ஒட்டிய ஒரு காபிக்கடையில் சந்தித்தோம். மதியம். நல்ல வெயில், பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். உட்கார்ந்தும் கழற்றவில்லை.

"அக்கா, உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்" என்றான்.

அதுவரை அவன் என்னிடம் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசியதில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் இனி விளையாடப் போறேல்லை. மோதி மோதித் தலையிடி விடுதில்லை. வெளிச்சத்தைப் பாத்தா கண் கூசுது. படிக்கிறது மண்டையில நிக்குதில்லை. போன வருசத்திலையிருந்து இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லை. அம்மாக்கு மட்டும் தெரியும். உங்கட டீம் என்னை எடுத்தா நான் வரமாட்டன். உங்களுக்குத்தான் கெட்ட பேர். அதுதான் முதல்ல உங்களிட்டைச் சொல்லுறன்."

சொற்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். 'கூசுது' என்ற சொல்லுக்கு முன்னால் தயங்கினான். அந்தத் தயக்கத்தில் நான் உருகிவிட்டேன். இவ்வளவு பெரிய பயத்தைச் சொல்ல வேற்று மொழி போதாமல் தன் மொழிக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனும் விலக்கவில்லை.

மறுநாள் வில்லரேக்குப் போனேன். தாய் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம் பிள்ளை, சொன்னவன்" என்றார். "அவன் இனி விளையாடேலாது. நீங்கள்தான் உங்கட டீம்காரருக்குச் சொல்லிவிடோணும்." கண் கலங்கியிருந்தது. அன்றும் சாப்பாடு போட்டார்.

தேர்வுத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தலைவலி பற்றி வாய் திறக்கவில்லை. அது வெளியே போனால் நாளைக்கு அவன் மனம் மாறினாலும் எந்த அணியும் தொடாது என்று பயந்தேன். ஆட்டத்தை விடப்போகிறான், குடும்பக் காரணம், அவன் வாயாலேயே சொன்னான் என்று மட்டும் சொன்னேன்.

"உறுதியாகத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் தம்பி மாதிரி" என்றேன். அது ஒரு பதிலே இல்லை என்று இப்போது தெரிகிறது. அவர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்.

தலைக்காயம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் தெரிந்தவர் மூலமாக நேரம் வாங்கினேன். பரீட்சை என்று தள்ளினான். இன்னொரு நாள் வாங்கினேன். சளி என்றான். நான் கோபப்படவில்லை. பயந்தவன் அப்படித்தான் தள்ளிப்போடுவான் என்று நினைத்தேன். தினமும் காலையில் 'தலை எப்படி இருக்கு' என்று செய்தி அனுப்புவேன். 'பரவாயில்லை அக்கா' என்று வரும்.

டிராஃப்ட் அன்று சாயங்காலம் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் சுற்று. எங்கள் அணி, நான் இரண்டாவதாகச் சொல்லியிருந்த ஒரு லைன்பேக்கரை எடுத்தது. அடுத்த முறை மாண்ட்ரியல் அணியுடையது. அவன் பெயரை வாசித்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாது, தெரியாமல் எடுத்துவிட்டார்கள், பாவம் அவன் எப்படி மறுப்பான் என்று ஒரு கணம் பதறினேன். பிறகு திரையில் அவன் வீட்டைக் காட்டினார்கள். நான் உட்காருகிற சோபாவில் இருந்தான். சுற்றிலும் சொந்தக்காரர்கள். எல்லோரும் எழுந்து கத்தினார்கள். கேமராக்காரரின் விளக்கு நேரே அவன் முகத்தில் அடித்தது. கண்ணைச் சிமிட்டாமல் அதைப் பார்த்துச் சிரித்தான். தாய் அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார்.

அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. தேர்வுத் தலைவர் என்னை அழைத்தார். நடந்ததைச் சொன்னேன், இந்தத் தடவை தலைவலியையும் சேர்த்து. "டாக்டர் சீட்டு எதையாவது பார்த்தாயா?" என்றார். இல்லை என்றேன். "சரி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த வருடத்திலிருந்து நான் சொல்லும் ஒவ்வொரு பையனையும் சரிபார்க்க இன்னொருவரை அனுப்பினார்.

கோடையில் வில்லரேயில் ஒரு தமிழ்க் கடையில் தாயைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து கையைப் பிடித்தார்.

"கோவமோ பிள்ளை?"

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"மூத்தவனை அந்தப் பக்கம் விட்டன். அவன் இப்ப வருசத்துக்கு ஒருக்கால் வாறான், அதுவும் போனைப் பாத்துக்கொண்டு இருக்க. இவனையும் விட்டிட்டு நான் ஆரோட இருக்கிறது? இஞ்ச எடுக்கிறம் எண்டு மாண்ட்ரியல் டீம்காரர் அவனுக்குச் சொன்னவை. உங்கட டீம்தான் குறுக்க நிண்டது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, இங்கேயே இருக்கணும்னு."

"சொன்னால் எடுக்காமல் விட்டிருப்பியளோ?"

விட்டிருக்கமாட்டோம். தாய்க்காக, ஊருக்காக என்று யார் சொன்னாலும் தேர்வுத் தலைவர் சிரித்துவிட்டு எடுத்திருப்பார். நானும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

"நீங்கள் நல்ல பிள்ளை" என்றார். "நீங்கள் நம்புவியள் எண்டுதான் உங்களிட்டைச் சொன்னது. தமிழில சொல்லு எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னனான். நாலு நாள் சொல்லிக் குடுத்தன்."

அதை என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். நான் வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்து, மெட்ரோ நிலையத்தைத் தாண்டி வெகுதூரம் நடந்தேன். அவன் பொய் சொன்னதைக்கூட எங்காவது வைத்துவிடலாம். அந்தத் தயக்கம் பாடம் பண்ணியது என்பதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவனை அடுத்த இலையுதிர்காலத்தில் மைதானத்தில் பார்த்தேன். வேலி ஓரமாக வந்து, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான். தன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்றான். இருக்கலாம். நான் தலையாட்டினேன். அவன் நன்றாக ஆடுகிறான். நான் கணித்ததில் அது ஒன்றுதான் தப்பவில்லை.

இந்த வசந்தத்தில் வேறொரு லைன்பேக்கரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஹெயிட்டிக் குடும்பத்துப் பையன், அமைதியானவன். பயிற்சிக்குப் பிறகு தலை சுற்றுகிறது, ஆடலாமா என்று தெரியவில்லை என்றான். எந்த ஊர் அணிக்குப் போக ஆசை என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. வேறு எந்த அணியோடு பேசினாய், யார் இப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் போலீஸ்காரி மாதிரி அவன் இடுப்பிலிருந்து கண்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பதில் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் எழுந்து, குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தான்.

டாக்ஸி பிடித்து நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, பொய் சொல்லவில்லை மதாம், பொய் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். தெரியும்ப்பா என்று தமிழில் சொல்லி, ஜன்னல் வெயில் அவன் முகத்தில் படாமல் என் சால்வையைப் பிடித்துக்கொண்டேன். வில்லரேக்காரனை நான் இன்னும் மன்னிக்காதது டிராஃப்டுக்காக இல்லை.