எது மோசம் என்று கேட்டவர்கள்

கபிடொலினா பாவ்லொவ்னா அந்த ஏரித்தீவு மடாலயத்தில் வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. மடாலயத்தில் அப்போது ஒரு துறவிகூடக் கிடையாது. அது அரசாங்க அருங்காட்சியகம். இயக்குநர் லெவ் அர்க்காதியெவிச் தட்டச்சு செய்த பதினொரு பக்கங்களைக் கொடுத்து, ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் ஒப்பிக்க வேண்டும் என்றார். அதில் இருந்ததெல்லாம் துறவிகள் செய்த கொடுமைகள். சிலுவைக் குறியை மூன்று விரலால் போடாமல் பழைய வழக்கப்படி இரண்டு விரலால் போட்டவன், பூசையில் எதிர்க்கேள்வி கேட்டவன், ஜார் மன்னரைத் திட்டிய குடியானவன் என்று கண்டவர்களையும் மதில் சுவருக்குள் குடைந்த அறைகளில் இருநூறு வருடமாகப் பூட்டிவைத்த கதை. ஏழாம் அறையில் யெரஃபேய் என்ற கொல்லன் இருபத்தாறு வருடம் கிடந்து செத்திருக்கிறான். அந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தது.

அதே அறைகளில் பிறகு யார் இருந்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. புரட்சிக்குப் பின் துறவிகளை விரட்டிவிட்டு அரசாங்கம் அங்கே கைதி முகாம் நடத்தியது தீவில் எல்லோருக்கும் தெரியும். கதவுகளில் சாயத்தால் எழுதிய எண்களே முகாம் காலத்தவைதான். அது என்ன எண் என்று பயணிகள் கேட்டால் கிடங்கு எண் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். கபிடொலினா பதினெட்டு வருடம் அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் தலை வாரிக்கொள்வாள்.

இடையில் ஒரு நாள் மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில் ஏழாம் அறையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் துப்புரவுக்காரி வெளியே தாழ் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மூன்று மணி நேரம். கத்தினால் சத்தம் சுவரைத் தாண்டவில்லை. அந்தக் கதவின் கீல் துறவிகள் போட்டது, தாழ்ப்பாள் முகாம்காரர்கள் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். வெளியே ஒருவரையொருவர் கரித்துக்கொட்டுகிறவர்கள் இந்த ஒரு கதவில் மட்டும் எவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்திருக்கிறார்கள் என்று இருட்டில் உட்கார்ந்து நினைத்தாள். அன்றிலிருந்து இரண்டு தரப்பின் மீதும் அவளுக்கு ஒரே மாதிரி அருவருப்பு.

ஆட்சி கவிழ்ந்தது. புதுப் பாடம் வந்தது, பதினான்கு பக்கம். அதே இயக்குநர், கால் உடைந்த எழுத்துள்ள அதே தட்டச்சு இயந்திரம். இப்போது துறவிகள் எல்லோரும் தியாகிகள், அறைகள் முழுக்க முகாம் கைதிகள். கொல்லனைக் காணோம்.

“யெரஃபேய் எங்க போனாரு?” என்று கேட்டாள்.

“அவரப் பத்தி இப்ப யாரும் கேக்கறதில்ல, கபிடொலினா பாவ்லொவ்னா” என்றார் இயக்குநர். மனுஷனுக்கு வெட்கம் துளியும் இல்லை. அவருடைய கவலையெல்லாம் காற்புள்ளிகள் சரியாக இருக்கின்றனவா என்பதுதான்.

பல வருடம் கழித்துத் துறவிகளும் திரும்பி வந்தார்கள். பாதிக் கட்டடம் அவர்களுக்கு, பாதி அருங்காட்சியகத்துக்கு. சிறை நடைவழி பொது. அங்கே ஒரு தகவல் பலகை வைக்க வேண்டும், என்ன எழுதுவது என்று முடிவுசெய்யக் கூட்டம் போட்டார்கள். மடாலயத்தின் சார்பில் வர்சனோஃபி சாமியார் வந்தார். மாவட்டக் கலாசார அலுவலகத்திலிருந்து இன்னக்கென்தி என்ற அதிகாரி. தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர், கையில் அட்டவணையோடு.

அட்டவணையில் வருடம், கைதிகள், இறந்தவர்கள் என்று பத்தி பத்தியாக இருந்தது. துறவிகள் இருநூறு வருடத்தில் முந்நூற்றுப் பதினாறு பேரை அடைத்தார்கள். முகாம் ஒன்பது வருடத்தில் எட்டாயிரம் பேரை. சாமியார் தாடியைத் தடவிக்கொண்டார். அந்த முந்நூற்றுச் சொச்சமும் ஜார் மன்னர் உத்தரவு, நாங்கள் சாவியை மட்டும்தான் வைத்திருந்தோம் என்றார். அதிகாரி, முகாமும் மேலிடத்து உத்தரவுதான், உள்ளூர் நிர்வாகம் ரொட்டி மட்டும்தான் அனுப்பியது என்றார். மீன் சந்தையில் நாள்பட்ட சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறவர்களைப் போல, ஆளுக்கு ஆள் தங்கள் பிணங்களைக் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பேராசிரியர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருட அனுபவம் உள்ளவர், எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

“முகாம்தான் மோசம்” என்றாள். “அதுல பேச்சே இல்ல. ஒருத்தன் இருந்த அறையில பதினாலு பேர அடைச்சாங்க. ஆனா சாமி, அதச் சொன்னதும் உங்க மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க, எனக்கு அதத்தான் பாக்க முடியல. பக்கத்து வீட்டுக்காரன் பெரிய திருடனா இருந்தா நீங்க யோக்கியர் ஆயிடுவீங்களா?”

அதிகாரி சிரித்தார்.

“நீங்க என்ன சிரிக்கிறீங்க?” என்றாள். “எட்டாயிரத்துல எத்தன பேரோட பேரு உங்க ஆபீஸ்ல இருக்கு?” பிறகு பேராசிரியரிடம், “உங்க அட்டவணையில யெரஃபேய் ஒண்ணு. இருபத்தாறு வருஷம் கெடந்தாலும் ஒண்ணுதான், மூணாம் நாள் செத்தவனும் ஒண்ணுதான். கூட்டல் சரியாத்தான் இருக்கு, ஐயா” என்றாள்.

அடுத்த மாதம் பலகை வந்தது. ‘இக்கட்டடம் பல்வேறு காலங்களில் பல்வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தப்பட்டது.’ அவ்வளவுதான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கபிடொலினா பலகையைப் பயணிகளுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு ஏழாம் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கொல்லனின் கதையைச் சொன்னாள். ஈரம் ஊறும் சுவரை விட்டு வேறு அறைக்கு மாற்றும்படி அவன் எழுதிய ஐந்து மனுக்களையும், ஐந்திலும் மடாதிபதி எழுதிய ‘தேவையில்லை’ என்ற ஒரே சொல்லையும் சொன்னாள். முகாம் காலத்தில் அதே சுவரோரம் நின்றபடியே செத்த தபால்காரர் கஸ்யானைப் பற்றியும் சொன்னாள். விழ இடமில்லாததால் அவர் செத்தது காலையில்தான் தெரிந்தது.

ஒரே வாரத்தில் இரண்டு புகார்கள் வந்தன. திருச்சபையை இழிவுபடுத்துகிறாள் என்று யாத்திரை வந்த ஒரு அம்மா எழுதியிருந்தாள். தாய்நாட்டை இழிவுபடுத்துகிறாள் என்று ஓய்வுபெற்ற ஒரு கர்னல். புதிதாக வந்திருந்த இயக்குநர் பயந்துபோய் இரண்டையும் வாசித்துக் காட்டினார். “ரெண்டையும் ஒரே ஃபைல்ல வைங்க, நல்லாப் பழகிக்கும்” என்றாள் கபிடொலினா. கோடை முடிவதற்குள் பூங்கொத்து கொடுத்து அவளை ஓய்வில் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது படகுத்துறைக் கடையில் புகைபோட்ட மீன் விற்கிறாள். படகுக்குக் காத்திருப்பவர்கள் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வாள், மீனைத் தாளில் சுற்றிக்கொண்டே. வர்சனோஃபி சாமியாரும் வாங்க வருவார். ஒரு நாள் மீனை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். அந்தக் கொல்லனை எங்கே புதைத்தார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். யாருக்கும் தெரியாது, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கீழே இருக்கலாம் என்றாள். அவனுக்காக ஜெபிக்கிறேன் என்றார்.

“பண்ணுங்க. ஆனா பேரச் சொல்லிப் பண்ணுங்க. யாரு அடைச்சான்றதையும் சேத்துச் சொல்லுங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்காக அவர்மேல் இவளுக்கு மதிப்பு ஒன்றும் கூடிவிடவில்லை. ஏரியில் பனி உருகி முதல் படகு வந்த அன்று மடாலயத்துக்கு நேரில் போய்ப் பார்த்தாள். பலகை அப்படியே இருந்தது, புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள்.