தலை அனங்கப்பிடாது

பெங்களூர் கோல்ஃப் மைதானத்தில் நான் அடித்த முதல் பந்து நேராகப் போனது. “தலை அசையவே இல்லையே, எங்கே பழகினீர்கள்?” என்று பயிற்சியாளர் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ரப்பர் பால் மணத்தது.

தொண்ணூறுகளில் அப்பா வெள்ளறடை என்ற மலையோர ஊரில் ஒரு ரப்பர் எஸ்டேட் மேனேஜருக்கு டிரைவர். மாற்றலாகிப் போன மேனேஜர், பழைய கோல்ஃப் மட்டை ஒன்றையும் அதை வீசக் கற்றுத்தரும் ஆங்கிலப் புத்தகத்தையும் அப்பாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் அம்மாவுக்குத்தான் தெரியும். சாயங்காலம் ரப்பர் மரங்களுக்கு நடுவே அம்மா வாசித்துச் சொல்ல, அப்பா வீசுவார். மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உருட்டிச் செய்த பந்து கோணலாகப் பறந்து, மரத்தில் பால் பிடிக்க மாட்டிய சிரட்டைகளைத் தட்டிவிடும்.

“தலை அனங்கப்பிடாது. புக்குல முதல்ல அதாக்கும் போட்டிருக்கு,” என்பாள் அம்மா, அப்பாவின் தலை அசையும்போதெல்லாம்.

“வாசிக்க எளுப்பம். நீ அடிச்சுப் பாரு,” என்று அப்பா ஒருநாள் கடுப்போடு மட்டையை நீட்டினார்.

அம்மா புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டு முந்தானையைச் செருகினாள். மட்டையை வீசும்போது தலை அனங்கவில்லை. பந்து ஒரு சிரட்டையையும் தொடாமல் கடைசி மரத்தைத் தாண்டியது.

மறுநாள் அப்பா சாயாக்கடையில், “எனக்க பெண்டாட்டி புக்கு வாசிச்சே படிச்சவளாக்கும்,” என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“எனக்க அம்மை புக்கு வாசிச்சே படிச்சவளாக்கும்,” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் அடுத்த பந்தை வைத்தேன்.