பிரிஸில்லா கொடுத்த அல்வா

வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார் பிரிஸில்லா. மைக்குக்குப் பாம்புச் செவி; ஒரு சிணுங்கல் போதும், மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். பிறகு திரையில் நிற்கும் கார்ட்டூன் அம்மாவைப் பார்த்து, "வாம்மா, இன்னிக்கி என்ன கூத்து?" என்று விசாரிப்பார்.

பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர். பகலில் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். மாலையில், மூன்று வருடமாக, ஒரு கார்ட்டூன் குடும்பத்துக்குத் தமிழ் டப்பிங்கில் அம்மா. புருஷனைத் திட்டுகிற வசனம் வந்தால் தாளைப் பார்க்கவே மாட்டார். "அது எனக்கு பைஹார்ட்" என்பார். வீட்டில் இருக்கும் கணவர் ரெமிஜியஸ் அதற்குச் சாட்சி.

இந்த வாரம் அந்த அம்மா உளவாளி. குக்கர்தான் வயர்லெஸ், மூன்று விசில் வந்தால் தலைமையகம் கூப்பிடுகிறது என்று அர்த்தம். பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூடவே ஒரு பயமும் இருந்தது. சென்னையில் சேனலைக் கவனிக்கும் நிருபமா கறாராகச் சொல்லியிருந்தார்: உங்கள் தமிழில் கன்னட வாடை அடிக்கிறது, இன்னொரு தடவை வந்தால் வேறு குரல்தான். அந்த அம்மாவுக்கு இன்னொருத்தி குரல் கொடுப்பதை பிரிஸில்லாவால் நினைக்கவே முடியவில்லை.

'கொஞ்சம்' என்று எழுதியிருந்த இடத்தில் நாக்கு கன்னடத்தில் 'சொல்ப' என்று புரண்டது, விழுங்கினார். கடைசிக் காட்சியில், ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்திருக்கும் அப்பாவிடம் அம்மா கிசுகிசுக்கிறாள்: "யாரும் உன் பின்னாடி வரல." வசனம் முடிந்த பிறகும் பொம்மையின் வாய் இரண்டு தடவை அசைந்தது. வாய் சும்மா அசையக் கூடாது என்பது தொழில் தர்மம். தன்னை அறியாமல் நிரப்பிவிட்டார்: "அல்வா?"

கன்னடத்தில் 'இல்லையா?' என்று அர்த்தம். ஒலிப்பதிவு செய்யும் அஷ்வினும் பெங்களூரில் பிறந்தவர்தான். அவர் காதுக்கும் அது தமிழாகவே கேட்டது. "சூப்பர் ஆன்ட்டி, ஒரே டேக்" என்று சென்னைக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாலை நிருபமாவின் ஃபோன். அஷ்வின் ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த அல்வா யார் வச்சது?"

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஸ்பைக்கு கோட்வேர்டே அல்வாவா? வில்லனுக்குக் குடுக்கப் போறாங்கன்னு முன்னாடியே சொல்ற மாதிரி இருக்கு. இங்க ஆபீஸே சிரிச்சுது மேடம். இனிமே எல்லா எபிசோட்லயும் அந்தம்மா அதச் சொல்லணும், நீங்கதான் சொல்லணும். எப்படித் தோணுச்சு?"

அஷ்வின் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பிரிஸில்லா ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆள்காட்டி விரலைத் தன் உதட்டில் வைத்தார்.