அம்மா சொல்லாத வசனம்

குத்த வேண்டிய இடத்தில் குத்தாமல் விட்ட அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதைவிடப் பெரிய கோபம் பெரியப்பாவின் மேல். நாடகத்தைக் கெடுத்தவரே அவர்தான்.

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்தவெளியான வாய்ட் டெக்கில்தான் ஒத்திகை நடக்கும். ஆண்டுதோறும் சமூக மன்றத்தில் மேடையேறிய அந்தச் சோக நாடகம் பெரியப்பா எழுதியது. துரோகம் செய்து அரசனைக் கொன்ற தளபதியை அரசி கடைசிக் காட்சியில் வாளால் குத்திக் கொல்வாள். தளபதி வேடம் எப்போதும் பெரியப்பாவுக்குத்தான். அவர் துடிதுடித்துச் சாகும்போது பிள்ளைகள் நாங்கள் விசிலடிப்போம். அரசியாக நடித்துவந்த பக்கத்து வீட்டு அக்கா கல்யாணமாகிப் போய்விட்டதால், எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டு அம்மாவை நடிக்கச் சொன்னார். அம்மாவும் சரி என்றாள். உடனே முடிவை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார் மனிதர். அரசி வாளைக் கீழே போட்டுவிட்டு, "மன்னித்தேன்" என்று சொல்ல வேண்டுமாம்!

"அதெப்படிப் பெரியப்பா? அவ புருஷனையே கொன்னவன் அவன்!" என்று கத்தினேன்.

"பழி வாங்குறது தப்புலா. சின்னப் பிள்ளைங்க பாக்கிற டிராமா."

இத்தனை வருஷமாகப் பார்த்ததெல்லாம் கிழவர்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு, சரி பற்றிப் பேச இவருக்கு என்ன யோக்கியதை? நான் சின்னவளாக இருந்தபோது அப்பா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அம்மா அப்போது தஞ்சாவூரில், நோயில் கிடந்த தாத்தாவின் பக்கத்தில் இருந்தாள். நான் வரும்வரை வைத்திருங்கள் என்று போனில் கதறினாள். பெரியப்பா நல்ல நேரம் பார்த்தார், மண்டாய்ச் சுடலைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார். மறுநாள் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கிய அம்மாவுக்கு அப்பாவின் முகம் கிடைக்கவில்லை, சாம்பல்தான் கிடைத்தது.

நாடகத்தன்று திரையோரம் நின்றிருந்தேன். பெரியப்பா மண்டியிட்டிருந்தார். அலுமினியத் தாள் சுற்றிய அட்டை வாள் அவர் கழுத்தருகே நின்றது. குத்தும்மா, குத்து என்று மனசுக்குள் கூவினேன். அம்மா அசையவில்லை, வாயும் திறக்கவில்லை. வசனம் மறந்துவிட்டது என்று கூட்டம் சலசலத்தது. "சொல்லும்மா... ஒரு வார்த்தை சொல்லிடும்மா," என்று பெரியப்பா கிசுகிசுத்தார். அம்மா குனிந்து வாளை அவர் முன்னால் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்து உள்ளே வந்துவிட்டாள். திரை விழுந்தது. புது முடிவு பிரமாதம் என்று கூட்டம் கைதட்டியது.

எல்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது சண்டை பிடித்தேன். "ஏம்மா குத்தல? கொல்லவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல, இது என்ன டிராமா?"

அம்மா முகத்தில் மீதமிருந்த அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "குத்தியிருந்தாலும் சரி, மன்னிச்சேன்னு சொல்லியிருந்தாலும் சரி, அவருக்கு அத்தோட முடிஞ்சிருக்கும்லா."

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நாடகம்தான் முடிந்துவிட்டதே! திரை விழுந்து விளக்கையெல்லாம் அணைத்த பிறகும் பெரியப்பா அந்த அட்டை வாளுக்கு முன்னால் மண்டியிட்டபடியே இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். முட்டி வலி, பாவம், எழுந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.